மூன்று வேளை மருந்தும் பன்னிரண்டு மணி நேர இரவும்

நடுக்குவாதம் என்று தமிழிலும் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவ நூல்களிலும் வழங்கும் நோயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பகலோடு நின்றுவிடுகிறது. கை நடுங்குவதும், நடை குறுகுவதும், முகம் உணர்ச்சி காட்டாமல் இறுகிவிடுவதும், கையெழுத்து வரவரச் சிறுத்துப்போவதும் ஊரார் கண்ணில் படுகின்றன. விளக்கணைத்த பிறகு நடப்பதோ உடன் படுத்திருப்பவர் ஒருவருக்கே தெரிகிறது, அவரும் அதை மருத்துவரிடம் சொல்லத் தக்க செய்தியாகக் கருதுவதில்லை. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் என்னும் உள்ளாட்சிப் பிரிவுகளைச் சேர்ந்த சிற்றூர்களில் இந்நோய்க்கு 'நரம்புத் தளர்ச்சி' என்றே பெயர். தூக்கமின்மைக்கு 'வயசாச்சு, தூக்கம் எங்கே வரும்' என்பதே விளக்கம். இவ்விரு சொற்களும் சேர்ந்து, மருந்தின் அளவையும் நேரத்தையும் சற்றே மாற்றினால் தணியக்கூடிய ஒரு துன்பத்தைத் தலைவிதியாக்கிவிடுகின்றன என்பதே இவ்வுரையின் வாதம்.

நோய்க்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் லண்டன் மருத்துவர் 1817இல் வெளியிட்ட சிறு நூலில் ஆறே பேரைப் பற்றி எழுதினார். அவர்களுள் சிலர் அவர் தெருவில் கண்டு கவனித்தவர்கள். அத்தனை சிறிய எண்ணிக்கையிலிருந்தே, நோய் முற்றும்போது தூக்கம் குலைகிறது என்பதையும், நடுக்கமே உறங்குபவரை எழுப்பிவிடுகிறது என்பதையும், இறுதிக் காலத்தில் பகலிலும் ஓயாத உறக்கச் சோர்வு கவிகிறது என்பதையும் அவர் குறித்துவைத்தார். அக்காலத்தில் இந்நோய்க்கென மருந்தே கிடையாது. ஆகவே தூக்கக் கேடு முழுவதையும் மாத்திரையின் தலையில் சுமத்துவது தவறு. மருந்து பிறக்கும் முன்பே இந்நோய் தூக்கத்தைத் தின்றுகொண்டுதான் இருந்தது. பிற்காலத்தில் மருந்து வந்து சேர்ந்தபோது சில இரவுகளை அது மீட்டுத் தந்தது, வேறு சில இரவுகளைத் தானும் கெடுத்தது. எது எந்த இரவு என்று பிரித்தறிவதில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, உடலின் அசைவுகளைத் தொடங்கவும் தடையின்றி நடத்தவும் உதவுகின்றன. அவ்வணுக்கள் அழிவதே நோயின் மையம்; நடுக்கம் வெளியே தெரியும் நாளில் அவற்றுள் ஏறத்தாழப் பாதி ஏற்கெனவே மடிந்திருக்கும். டோபமினை அப்படியே விழுங்கினால் அது மூளைக்குள் நுழையாது. அதன் முன்வடிவமான லெவோடோபா நுழையும். வழியிலேயே அது டோபமினாக மாறி வீணாகாமலும் குமட்டலை உண்டாக்காமலும் காப்பதற்குக் கார்பிடோபா என்னும் துணை மருந்து அதே மாத்திரையில் சேர்க்கப்படுகிறது. மருந்துக் கடைகளில் 110, 125, 275 என்ற எண்களைச் சொல்லியே மக்கள் இம்மாத்திரைகளைக் கேட்டு வாங்குகின்றனர். 110 என்பது 100 மி.கி. லெவோடோபாவும் 10 மி.கி. கார்பிடோபாவும் சேர்ந்தது, 125 என்பது 100ம் 25ம், 275 என்பது 250ம் 25ம். எண் இரண்டின் கூட்டுத்தொகை என்பதை அறியாதவர் 110க்குப் பதில் 125 தரப்பட்டால் மருந்து கூடிவிட்டதென்று அஞ்சுகிறார். உண்மையில் இரண்டிலும் லெவோடோபா ஒரே அளவுதான். கூடியிருப்பது காப்பு மருந்து, அது நாளொன்றுக்கு 70 முதல் 100 மி.கி. வரை உடலில் சேர்ந்தால்தான் தன் வேலையை முழுமையாகச் செய்யும். 110ஐ மூன்று வேளை உண்பவருக்குக் கிடைப்பது 30 மி.கி. மட்டுமே என்பதால், ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னும் குமட்டுகிறவர் இக்கணக்கை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லிக் கேட்கலாம்.

லெவோடோபா குருதியில் தங்கும் காலம் மிகக் குறுகியது. கார்பிடோபாவின் துணை இருந்தும்கூட ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. நோயின் தொடக்க ஆண்டுகளில் இக்குறுமை தெரிவதில்லை. எஞ்சியிருக்கும் நரம்பணுக்கள் வந்த மருந்தைக் குதிரில் கொட்டிய நெல்லைப் போலச் சேர்த்துவைத்துக்கொண்டு, தேவைக்கேற்ப எடுத்தெடுத்துக் கொடுக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லக் குதிர் சிறுத்துவிடுகிறது. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்கும் வீடு போல, விழுங்கிய மாத்திரை குருதியில் இருக்கும்வரை உடல் அசைகிறது, அது தீர்ந்ததும் இறுகுகிறது. மருத்துவர்கள் இதனை மருந்தின் 'தேய்வு' என்பர். நோயாளி சொல்வது இன்னும் தெளிவு: 'மாத்திரை இறங்கிடுச்சு.'

இந்த இடத்தில்தான் மருந்துச் சீட்டு கேள்விக்குள்ளாகிறது. நம் நாட்டில் சீட்டுகளில் வழக்கமாக எழுதப்படுவது 1-1-1 என்னும் குறி; காலை ஒன்று, பகல் ஒன்று, இரவு ஒன்று, பக்கத்தில் 'சாப்பாட்டுக்குப் பின்'. ஐந்து நாள் உண்டு நிறுத்தும் காய்ச்சல் மாத்திரைக்கு இது போதும். ஆனால் ஒரு கிராமத்து வீட்டில் இக்குறி எந்த மணியாக மாறுகிறது என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். காலை உணவு எட்டு மணிக்கு, பகல் உணவு ஒரு மணிக்கு, இரவு உணவு ஏழரைக்கு என்று கொண்டால், பகலில் இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே ஐந்து, ஆறரை மணி நேரம். இரவு மாத்திரைக்கும் மறுநாள் காலை மாத்திரைக்கும் நடுவே பன்னிரண்டரை மணி நேரம். ஒன்றரை மணியில் பாதியாகும் மருந்து அந்த இடைவெளியின் பிற்பகுதியில் உடலில் இருப்பதாகவே சொல்ல முடியாது. நகரத்தில் ஏழு மணிக்கு எழுபவருக்கு இந்த வெறுமை உறக்கத்திலேயே கழிந்துவிடலாம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரிலோ, கரும்பும் நெல்லும் விளையும் வில்லியனூர்ப் பகுதியிலோ பொழுது விடிவது நான்கு மணிக்கு. மாடு கறப்பவரும் மோட்டார் போடப் போகிறவரும் அப்போதே எழுந்துவிடுகிற வீட்டில், நோயாளிக்கும் பழக்கத்தால் விழிப்பு வந்துவிடுகிறது. கண் விழிக்கிறது, உடல் விழிப்பதில்லை.

மருந்து போதாத இரவுக்கென்று சில அடையாளங்கள் உண்டு. படுத்த சிறிது நேரத்தில் தூக்கம் வந்துவிடும். நள்ளிரவுக்குப் பின் விழிப்பு வந்ததும் புரண்டு படுக்க முடியாது, போர்வையை இழுத்துக்கொள்ள முடியாது. ஆரோக்கியமானவர் இரவில் பல முறை தாமறியாமலே புரள்கிறார். நடுக்குவாதக்காரர் ஒவ்வொரு புரளலுக்கும் விழித்து முயல வேண்டியிருக்கிறது, முடியாதபோது பக்கத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டியிருக்கிறது. கால் விரல்கள் உள்நோக்கி மடங்கிப் பாதம் முறுக்கிக்கொண்டு வலிக்கும் துன்பம் விடியற்காலையில் வரும். அது காலை மாத்திரை விழுங்கிய முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் தானே விடும். நடுக்கம், வியர்வை, காரணம் தெரியாத பதற்றம், அடிக்கடி சிறுநீர் முட்டுவது ஆகியனவும் இதே நேரத்தில் கூடும். இவற்றைக் காண்பவர் 'ராத்திரி ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுங்க' என்று கேட்பது இயல்பு. ஆனால் அவருக்குத் தேவைப்படுவது இரவை மூடும் அளவுக்கு டோபமின். தூக்க மாத்திரையோ அசைய முடியாத உடலை இன்னும் கனமாக்கி, கழிப்பறைக்கு எழும்போது விழச்செய்கிறது.

இவ்வாறான இரவை மூடுவதற்கு மருத்துவர்கள் பல வழிகளை முயன்றுள்ளனர். மெல்லக் கரையும் வகை மாத்திரையை, அதாவது 200 மி.கி. லெவோடோபாவைச் சில மணி நேரத்தில் சிறிது சிறிதாக விடுவிக்கும் மாத்திரையைப் படுக்கும்போது கொடுப்பது ஒன்று. இதைப் பற்றிய ஆய்வு முடிவுகள் கலவையாகவே உள்ளன; புரண்டு படுப்பது எளிதாகிறது, ஆனால் மொத்தத் தூக்க நேரம் பெரிதாகக் கூடிவிடுவதில்லை. விழுங்க முடியாத முதியவருக்காக இதைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கம் வீடுகளில் உண்டு. பொடித்த கணமே மெல்லக் கரையும் தன்மை போய்விடுகிறது. மற்றொன்று, டோபமினைப் போலவே செயல்படும் ரோடிகோடின் என்னும் மருந்தைத் தோலில் ஒட்டும் பட்டையாக 24 மணி நேரமும் சீராகச் செலுத்துவது. 287 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2011இல் வெளியான ஆய்வொன்றில், விடியற்கால அசைவும் இரவுத் தூக்கமும் இதனால் மேம்பட்டன. அந்த ஆய்வு தூக்கத்தை அளந்த கருவி ஒரு கேள்வித்தாள்தான்: பதினைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 60. மதிப்பெண் கூடக்கூடத் தூக்கம் மோசம். இத்தகைய தாளை நிரப்ப இயந்திரமோ ஆய்வுக்கூடமோ வேண்டியதில்லை என்பது கிராமத்து மருத்துவத்துக்கு நல்ல செய்தி.

இனி எதிர்ப்பக்கம். டோபமின் அசைவுக்கு மட்டும் உரியதன்று, விழிப்புக்கும் உரியது. சிறிய அளவில் டோபமின் வகை மருந்துகள் உறக்கத்தைக் கூட்டுகின்றன, பெரிய அளவில் விழிப்பைக் கூட்டுகின்றன என்பது நெடுநாளாக அறியப்பட்ட முரண். அதனால் மாலையில் மருந்து மிகுந்துவிட்டால் வேறொரு வகை இரவு பிறக்கிறது. படுத்தும் தூக்கம் வராது. கைகால் தாமாக நெளியும். வந்த தூக்கத்திலும் கனவுகள் நேரில் நடப்பது போலத் துலங்கும். சிலருக்கு அறை மூலையில் ஆள் நிற்பது போலவும், சுவரில் பூச்சி ஊர்வது போலவும், இறந்துபோன உறவினர் வந்து உட்கார்ந்திருப்பது போலவும் காட்சி தோன்றும். வேறு சிலர் நள்ளிரவில் எழுந்து பெட்டியைப் பிரித்துப் பிரித்து அடுக்குவர். மறுநாள் பகல் முழுவதும் தூங்கி வழிவர். பகலில் தூங்கியதால் அன்றிரவும் தூக்கம் போகும். இந்த நோயாளிக்கு இரவு மாத்திரையைக் கூட்டுவது எரியும் அடுப்பில் விறகு தள்ளுவதாகும்.

குறைந்ததால் கெட்ட இரவு, மிகுந்ததால் கெட்ட இரவு என்னும் இரண்டும் வீட்டாருக்குக் காலையில் ஒரே சொல்லாகத்தான் எஞ்சுகின்றன: 'ராத்திரியெல்லாம் தூங்கலை.' புறநோயாளிப் பிரிவில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் இச்சொல் மட்டும் போய்ச் சேர்ந்தால் மருத்துவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது தற்செயல். எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, விழித்தபோது புரள முடிந்ததா, காட்சி ஏதும் தெரிந்ததா, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்னும் நான்கு விடைகள் உடன் வந்தால் அது தற்செயலாக இராது.

மருந்தின் மொத்த அளவை அறிவதும் பலர் எண்ணுவது போல் எளிதன்று. ஒரே நோயாளி மூன்று, நான்கு வகை மருந்துகளை உண்ணக்கூடும். ஆகையால் அவை அனைத்தையும் லெவோடோபாவின் ஈட்டில் மாற்றிக் கூட்டும் வாய்பாடு ஒன்று 2010இல் தொகுக்கப்பட்டு உலகெங்கும் கையாளப்படுகிறது. அதன்படி, இந்நோய்க்கான மற்ற மருந்துகளுள் 1 மி.கி. பிரமிபெக்சோல் 100 மி.கி. லெவோடோபாவுக்கும், 1 மி.கி. ராசகிலின் 100 மி.கி.க்கும் ஈடு, மெல்லக் கரையும் லெவோடோபா நான்கில் மூன்று பங்காகவே கணக்கிடப்படும். 125 மாத்திரையை மூன்று வேளையும், அரை மி.கி. பிரமிபெக்சோலை மூன்று வேளையும், ராசகிலின் 1 மி.கி.யும் உண்பவரின் நாள் அளவு 300, 150, 100 ஆகியவற்றைக் கூட்டினால் வரும் 550. மொத்தம் உயர உயரப் பகல் தூக்கமும் இரவுக் குலைவும் கூடுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. இதைப் படித்துவிட்டு மருந்தைத் தாமே குறைத்துக்கொள்வது பேதைமை. நோய் முற்றியவருக்கே மருந்தும் மிகுதியாகத் தரப்படுகிறது, தூக்கம் குலைவதும் அவருக்கே மிகுதி, ஆதலால் எது காரணம் எது விளைவு என்று கூட்டுத்தொகை மட்டும் சொல்லிவிடாது. அதே 550ஐ எந்தெந்த மணிகளில் பகிர்ந்து வைப்பது என்னும் கேள்விக்கு அந்த வாய்பாட்டில் இடமே இல்லை. லெவோடோபாவைத் திடீரென்று அறவே நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் நினைவு தப்புதலும் சேர்ந்து உயிருக்கே கேடு வரலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாதாந்திர மாத்திரை தீர்ந்து, அடுத்த சீட்டு நாள்வரை 'ரெண்டு நாள்தானே' என்று காத்திருப்பது அத்தகைய நிறுத்தம்தான்.

லெவோடோபாவின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஓர் இடம் உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. 1937இல் சென்னைச் சேப்பாக்கத்தில் இருந்த பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி என்னும் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். வேலியோரம் படர்ந்து, தொட்டவர் கையை அரிக்கச்செய்யும் அதே பூனைக்காலிதான். அப்போது அப்பொருள் எந்த நோய்க்கும் மருந்தாக அறியப்படவில்லை. மூளையில் டோபமினின் பங்கைச் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் காட்டியது 1957இல், லெவோடோபாவை வாய்வழியே பேரளவில் கொடுத்துப் பயன் கண்டதாக அமெரிக்காவில் கோட்சியாஸ் அறிவித்தது 1967இல். முப்பது ஆண்டு முன்னதாகவே சேப்பாக்கத்துக் குடுவையில் மருந்து இருந்திருக்கிறது, அதற்குரிய நோய்தான் இன்னும் வந்து சேரவில்லை. பிறகு 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டில், 30 கிராம் பூனைக்காலித் தயாரிப்பு வழக்கமான மாத்திரையைவிட விரைவாக வேலை தொடங்கி நீண்ட நேரம் நீடித்தது.

இந்தப் பெருமையே இன்று ஒரு தொல்லையாகவும் உள்ளது. நாட்டு மருந்துக் கடைகளில் பூனைக்காலிப் பொடி எளிதாகக் கிடைக்கிறது. 'இங்கிலீஷ் மருந்து சூடு' என்று கருதும் வீட்டார் மாத்திரையுடன் இதையும் பாலில் கலந்து இரவில் கொடுத்துவிடுகின்றனர். விதைக்கு விதை, பொடிக்குப் பொடி லெவோடோபாவின் அளவு வேறுபடும். மருத்துவர் 550 என்று கணக்கிட்டு வைத்த நாளில் நோயாளியின் உடலில் எவ்வளவு இருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. இரவில் காட்சி தோன்றினால் பழி மாத்திரை மேல் விழும். பொடி தருவதை மருத்துவரிடம் மறைக்காமல் இருப்பதே போதும், கண்டனம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

இரவில் தோன்றும் எல்லாக் கூச்சலும் மருந்தால் வருவதன்று. ஆரோக்கியமான உறக்கத்தில் கனவு காணும் கட்டத்தில் உடலின் தசைகள் தளர்ந்து கட்டுண்டு கிடக்கும். கனவில் ஓடினாலும் கால் ஓடாது. மூளைத்தண்டில் இந்தக் கட்டை இடும் பகுதி பழுதுபட்டால் கனவு உடலுக்கு இறங்கிவிடுகிறது. உறங்குபவர் உதைப்பார், கத்துவார், பக்கத்தில் இருப்பவர் கழுத்தைப் பிடிப்பார், கட்டிலிலிருந்து உருண்டு விழுவார். எழுப்பினால் தெளிவாக விழித்து, நாய் துரத்தியது என்றோ யாரோ வயலில் புகுந்தார்கள் என்றோ கனவைச் சொல்வார். கனவு நடிப்புக் கோளாறு என்று சொல்லத்தக்க இதனை 1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் என்னும் இருவர் தனி நோயாக வரையறுத்தனர். வேறு நோய் ஏதும் இல்லாமல் இக்கோளாறு மட்டும் இருந்த 29 ஆண்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தபோது 1996இல் 38 விழுக்காட்டினருக்கு நடுக்குவாத வகை நோய் வந்திருந்தது. மேலும் பதினாறு ஆண்டு சென்ற பின் மறதிநோயையும் சேர்த்து 81 விழுக்காடாயிற்று. அதாவது கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இரவு செய்தி சொல்லிவிடுகிறது. சிற்றூர்களில் இதற்குக் 'காத்து கருப்பு' என்று பெயரிட்டு வேப்பிலை அடிப்பதும் கயிறு கட்டுவதும் நடக்கின்றன. கயிறு கட்டுவதால் கேடில்லை, ஆனால் கட்டிலைச் சுவரோரம் தள்ளி, கத்தி அரிவாளை அறையிலிருந்து அகற்றி, கீழே மெத்தை விரிப்பது முதலில் செய்யத் தக்கது. மெலடோனினோ குறைந்த அளவு குளோனசிபாமோ இதற்குத் தரப்படுகின்றன. பின்னது முதியவரைத் தள்ளாடச்செய்யும், குறட்டையுடன் மூச்சு நின்று நின்று வருபவருக்கு ஆகாது.

வேறு மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். அமாண்டடினும் செலிகிலினும் விழிப்பைத் தூண்டுபவை. அவை காலையிலும் நண்பகலிலும் முடிந்துவிட வேண்டும், இரவு வேளைக்குரிய கட்டத்தில் அவற்றின் பெயர் இருந்தால் கேள்வி கேட்கலாம். டிரைஹெக்சிபெனிடில் விலை மலிவானது, இளையவரின் நடுக்கத்துக்கு நன்கு பயன்படும். எழுபது வயதில் அதுவே மறதியையும் இரவுக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும். பிரமிபெக்சோல், ரோபினிரோல் உண்பவர் சிலருக்கு முன்னறிவிப்பின்றித் திடீர் உறக்கம் வருகிறது. வண்டி ஓட்டும்போதே உறங்கிப்போன எட்டுப் பேரைப் பற்றிய அறிக்கை 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த பிறகே உலகம் இதைக் கவனித்தது. கடலூர்ச் சாலையிலும் விழுப்புரம் சாலையிலும் இருசக்கர வண்டியில் போகிறவருக்கு இது ஏட்டுச் செய்தியன்று. இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, தலைச்சுற்றலுக்கென்று மாதக்கணக்கில் உண்ணப்படும் சின்னரிசினும் வாந்திக்கென்று போடப்படும் மெட்டோகுளோபிரமைடும் டோபமினின் வழியை அடைத்து நடுக்குவாதத்தைக் கூட்டுகின்றன என்பது. இல்லாதவருக்கே அதைப் போன்ற நடுக்கத்தை வரவழைப்பதும் உண்டு. அப்படிப்பட்ட நடுக்கத்துக்கு லெவோடோபா எழுதுவதைவிடச் சின்னரிசினை நிறுத்துவது மேல்.

உணவுக்கும் இதில் பங்குண்டு. லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பாலிலும் பருப்பிலும் மீனிலும் உள்ள புரதம் செரித்துப் பிறக்கும் அமினோ அமிலங்கள் குடலிலும் மூளையின் வாயிலிலும் அதே வழியில் நெருக்கிக்கொண்டு நுழைகின்றன. இரவு மாத்திரையை ஒரு டம்ளர் பாலுடன் விழுங்குவது தமிழ் வீடுகளில் ஏறத்தாழ மரபு. நோய் முற்றாதவரிடம் இதனால் வேறுபாடு தெரியாது. தேய்வு தொடங்கியவரிடம் அந்த மாத்திரை உண்ணப்படாததற்குச் சமமாகிவிடலாம். உணவுக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாகத் தண்ணீருடன் விழுங்கி, மீன் குழம்பைப் பிறகு தாராளமாகச் சாப்பிடலாம். இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவைப் பிணைத்துக்கொண்டு குடலில் ஏறவிடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும். இங்கே ஒரு விசித்திரம் உண்டு: இரவில் கால் ஓயாமல் குறுகுறுக்கும் துன்பம் நடுக்குவாதக்காரருக்கு வருவது வழக்கம், அதன் ஒரு காரணம் உடலில் இரும்புக் குறைவு. ஆகவே இரும்பு தேவைப்படுகிறவர் அதைத் தவறான நேரத்தில் உண்டால் கால் குறுகுறுப்பு தணிந்தும் உடல் இறுகிக் கிடக்கும். சிறுநீருக்கு எழ அஞ்சி நாள் முழுவதும் தண்ணீரைக் குறைப்பவருக்கு மலச்சிக்கல் மிகும், மாத்திரை சிறுகுடலுக்குப் போய்ச்சேரத் தாமதமாகும். தண்ணீரைப் பகலில் நிறையக் குடித்து மாலைக்குப் பின் குறைப்பதே முறை.

படுக்கையைப் பற்றி மருத்துவ நூல்கள் அதிகம் பேசுவதில்லை, பேசியிருக்கலாம். தொய்ந்த கயிற்றுக் கட்டில் குழியில் கிடப்பவர் எந்த மருந்திலும் புரள முடியாது. தரையில் விரித்த பாயில் புரளலாம், எழ முடியாது. முழங்கால் உயரத்தில் பலகைக் கட்டில், இறுக்கமான மெத்தை, வழுக்கும் துணியில் ஒரு விரிப்பு, கால்மாட்டில் கட்டி இழுத்தெழ ஒரு கயிறு ஆகியவை அரை மாத்திரைக்குச் சமமான வேலை செய்யும். கழிப்பறை கொல்லையில் இருக்கும் வீடுகளில் இரவில் எழுவதே பெருஞ்செயல். படுத்தவர் சட்டென்று எழுந்தால் குருதி அழுத்தம் தாழ்ந்து கண் இருளும், இம்மருந்துகள் அதை இன்னும் தாழ்த்தும். படுக்கையருகே ஒரு சிறுநீர்க் குடுவை வைத்தால் பல இடுப்பெலும்புகள் முறியாமல் இருக்கும். உடன் விழித்திருக்கும் மனைவியோ மருமகளோ மறுநாள் காலை நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போகிறார் என்பதையும் கணக்கில் சேர்த்தால், இது ஒரு வீட்டின் தூக்கம், ஒருவருடையது மட்டும் அன்று.  

மருத்துவ வசதியில் புதுச்சேரி வறிய நிலம் அன்று. பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலாக 1964இல் பெயர்பெற்று, 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமான ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது; அதற்கு நரம்பியல் துறை உண்டு, வில்லியனூரை அடுத்த இராமநாதபுரம் என்னும் புதுச்சேரிச் சிற்றூரில் ஊரக நலவாழ்வு மையமும் உண்டு. பாகூர்ப் பக்கம் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும், வில்லியனூர்ப் பக்கம் அரியூரிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் நிற்கின்றன. பெங்களூர்ப் பகுதியில் ஒரு லட்சம் பேரிடம் நடந்து 2004இல் வெளியான கணக்கெடுப்பு லட்சத்துக்கு 33 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. அந்த விகிதத்தில் ஒரு கொம்யூனின் நோயாளிகளை ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் பெயர் சொல்லியே அறிந்திருக்க முடியும். பாகூரிலிருந்து நகரத்தைக் கடந்து பேருந்து மாறிக் கோரிமேடு போய்த் திரும்புவதற்கு ஒரு நாள் கூலி போகிறது என்பதால் பலர் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறையே போகின்றனர். அந்த ஒரு நாள் வீணாகாமல் இருக்க வேண்டும்.

அதற்கு வேண்டுவது ஒரு பள்ளிக்கூட நோட்டும் ஏழு இரவுகளும். மாத்திரை விழுங்கிய மணி, உண்ட மணி, படுத்த மணி, விழித்த மணி, விழித்தபோது புரள முடிந்ததா, ஏதேனும் காட்சி தோன்றியதா, காலையில் மாத்திரைக்குப் பின் எத்தனை நேரத்தில் கால் முறுக்கு விட்டது என்பவற்றை வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவர் குறித்துவைத்தால் போதும். அந்த நோட்டுடன் போகிறவர், சீட்டில் 1-1-1 என்று எழுதுமிடத்தில் மணியைக் குறித்துத் தருமாறு மருத்துவரைக் கேட்க வேண்டும். இரவு மாத்திரைக்கும் காலை மாத்திரைக்கும் நடுவே எத்தனை மணி நேரம் வருகிறது என்று அங்கேயே எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்திருக்க வேண்டும்.